செவ்வாயின் முதல்தர நூலகம்

காலை மணி அடித்ததும் காற்றை அடைத்து மனிதர்கள் குடியிருந்த வடமுனைக் குமிழில் பள்ளிப் பிள்ளைகள் நூலக வாசலில் வரிசையாக நின்று, காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த விடைச்சில்லைக் கழற்றி, செருப்பு விடுகிற மாதிரி அங்கிருந்த தட்டில் விட்டுவிட்டு உள்ளே போவார்கள். பெருக்கல் வாய்ப்பாடு, செவ்வாய்க் கோளின் வரலாறு, அம்மா வாங்கிவரச் சொன்ன சாமான் என்று எல்லாம் அந்தத் தட்டில் மினுக்மினுக்கென்று கிடக்கும். கழற்றிய கொஞ்ச நேரத்துக்குத் தலை காலியாக இருக்கும். சின்னதுகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும். அது தெளிந்த பிறகுதான் அவர்கள் வாயிலிருந்து கேள்வி என்று ஒன்று வரும்.

விடைச்சில்லு பட்டாணி அளவுதான். மனதில் ஒரு சந்தேகம் அரும்பும்போதே பதிலைக் காதில் ஓதிவிடும். ஆகவே அந்தக் குமிழில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் அரும்புக்கு மேல் வளர்ந்ததில்லை. நூலக அறை மட்டும் விதிவிலக்கு. முதல் கப்பலில் வந்தவர்கள், மாற்றுத் துணியைக் குறைத்துக்கொண்டு மூட்டை கட்டிவந்த காகிதப் புத்தகங்கள் அங்கே இருந்தன.

நூலகர் சௌந்தரவல்லி, கடைத்தெரு ஜவுளிக்கடைக்காரரின் மகள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வளர்ந்தவர். பச்சைச் சேலைக்கு விலை கேட்டுக்கொண்டே நீலச் சேலையைத் தடவுகிற பெண் எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள் என்று, பள்ளிக்கூடத்தில் சேருவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். நூலகப் படிப்பில் இதற்கென்று ஒரு பாடம் வைக்காதது பல்கலைக்கழகங்களுக்குத்தான் நஷ்டம். எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் அவர் உடனே எடுத்துக் கொடுக்கமாட்டார். எதுக்கு, யாருக்கு, போன தடவை கொண்டுபோனதில் எந்த இடத்தில் தூக்கம் வந்தது என்று பேரம் நடக்கும். பேரம் படிந்து வெளியே போகிற பிள்ளையின் கையில் இருப்பது, அது கேட்ட புத்தகமாக இருக்காது. அதற்கு வேண்டிய புத்தகமாக இருக்கும்.

இந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. செவ்வாயில் காற்று சும்மா கிடைப்பதில்லை, செடி போட்டுத்தான் எடுக்க வேண்டும். குமிழ்ச் சபை, காலியாகக் கிடக்கும் இடங்களைக் கீரைத் தளமாக மாற்றக் கிளம்பியது. புத்தக அறை காற்றைக் குடிக்கிறதே தவிரத் தருவதில்லை என்று யாரோ எழுதிப்போட்டார்கள். முடிவு சொல்லக் கணியர் வந்தது. கணியர் ஒரு மதிப்பீட்டு எந்திரம். அது ஒருமுறை சொன்னால் சொன்னதுதான், மேல்முறையீடு கிடையாது.

தலைமையாசிரியர் ஞானதிரவியம் கல்வியின் மேன்மை பற்றி ஒரு நீண்ட உரை தயார் செய்துவைத்திருந்தார். சௌந்தரவல்லி அதை வாங்கி மேசைக்குள் போட்டுவிட்டார்.

"நீங்க புகழ்ந்தீங்கன்னா நமக்கு அவசரம்னு அதுக்குத் தெரிஞ்சிரும் சார். பேசாம நில்லுங்க. அது வாயத் தொறக்கட்டும்."

கணியர் மூலையில் நின்று கவனித்தது. முதலில் வந்தவள் சுடர்விழி, நான்காம் வகுப்பு. குமிழின் வெளிக்கதவு எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் புத்தகம் வேண்டும் என்றாள். டீச்சர் கட்டுரை எழுதச் சொன்னாராம். அந்த வாரம் எந்த டீச்சரும் எந்தக் கட்டுரையும் கொடுக்கவில்லை என்பது சௌந்தரவல்லிக்குத் தெரியும். ஆனாலும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. கதவு பற்றிய புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

"உள்ளருந்து தொறக்கிறதப் பத்தியா, வெளியருந்து தொறக்கிறதப் பத்தியா?"

சுடர்விழி யோசித்தாள். "வெளியருந்து."

"வெளிய யாரு போயிருக்கா?"

அண்ணன் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பனிச்சுரங்க வேலைக்கு வெளியே போயிருந்தான். அவன் திரும்பி வரும்போது கதவு திறக்காமல் போனால் என்ன செய்வது என்பதுதான் கட்டுரையின் தலைப்பு. சௌந்தரவல்லி ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கதவுப் புத்தகத்தின் அடியில் இன்னொன்றையும் வைத்துக் கொடுத்தார். பூமியில் கடலுக்குப் போன மீனவர்களுக்காகக் கரையில் காத்திருந்தவர்களின் கதை. காத்திருந்த நேரத்தில் அவர்கள் என்னென்ன செய்தார்கள், யாரைத் திட்டினார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. சுடர்விழி இடைவேளை மணி அடித்ததுகூடத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்து படித்தாள்.

கணியர் அருகே வந்தது.

"அம்மையீர், அந்தச் சிறுமி கேட்டது கதவைப் பற்றி. அவள் படிப்பது கடலைப் பற்றி. இது பிழை அல்லவா?"

"கதவுக்கு அந்தப் பக்கம் ஆளு நிக்குதுல்ல?"

கணியர் இதைக் கணக்கில் சேர்க்க இடம் தேடியது போலிருந்தது. பிறகு கீரைத் தளத்தின் நன்மைகளைச் சொல்லத் தொடங்கியது. சௌந்தரவல்லி பொறுமையாகக் கேட்டார். பாதியில், வாடிக்கையாளருக்கு மோர் நீட்டுகிற சாவகாசத்தோடு, "அதெல்லாம் சபைக்கு வேணும். சரி. உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

எந்திரத்தை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அதன் விளக்குகள் ஒருமுறை மங்கிப் பிரகாசித்தன.

"எனக்குத் தெரியவில்லை."

"அப்பச் சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. உக்காருங்க."

உலகத்தின் நூல்களை எல்லாம் ஒரே மடக்கில் விழுங்கிய அந்த எந்திரம், அன்று மாலைவரை ஒரு பிள்ளைகள் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் படித்தது. எழுந்தபோது தீர்ப்பைச் சொன்னது. செவ்வாயில் உள்ள பள்ளி நூலகங்களில் இதுவே முதல்தரம். இந்த அறையை யாரும் தொடக் கூடாது.

குமிழே கொண்டாடியது. கோளின் எந்த மூலைக் குமிழுக்கும் கிடைக்காத பெருமை. சௌந்தரவல்லிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜவுளிக்கடையில் வளர்ந்தவர் என்பதால் அது அசல் பட்டு இல்லை என்று தொட்ட மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்தது. சந்தோஷத்தில் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்தச் சந்தோஷம் நியாயமானது. பேரத்தில் ஓர் எந்திரத்தையே மடக்கியவர் கோளில் வேறு யார் இருக்கிறார்கள்?

தென்முனையிலிருந்தும் பள்ளத்தாக்குக் குமிழ்களிலிருந்தும் பார்வையாளர்கள் வர ஆரம்பித்தார்கள். முதல்தர நூலகத்தில் அட்டை கிழிந்த புத்தகம் கண்ணில் பட்டால் நன்றாகவா இருக்கும்? ஆகவே சௌந்தரவல்லி நல்ல அட்டையுள்ளவற்றை முன்வரிசையில் வைத்தார். முன்வரிசையில் சந்து விழுந்தால் பல் போன வாய் மாதிரி இருக்கிறது என்று, அவற்றைப் பார்வையாளர் வரும் வாரத்தில் மட்டும் இரவல் கொடுக்காமல் நிறுத்தினார். பார்வையாளர் வராத வாரம் என்று ஒன்று பிறகு இல்லை. கீரைத் தளத்து மண் ஒட்டிய கையோடு வந்த பிள்ளைகளைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். கழுவி வந்தவர்களை ஈரம் காயட்டும் என்றார். ஈரம் காய்ந்து வருவதற்குள் மணி அடித்துவிடும்.

ஞானதிரவியம் தன் பங்குக்குச் சபையில் பேசிக் கண்ணாடி பீரோக்கள் வாங்கிக் கொடுத்தார். பூட்டும் அதோடு வந்தது. நூலக வகுப்பு நேரத்தைக் கணக்கு வாத்தியார் கேட்டார்; கொடுக்கப்பட்டது. சுடர்விழி ஒருநாள் வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் எதைக் கேட்க வந்தாள் என்று பேரம் பேசிப் பார்க்க சௌந்தரவல்லிக்கு நேரமில்லை. மூக்கு பட்ட இடத்தைத் துடைக்க வேண்டியிருந்தது.

பள்ளிச் சமையல்கூடத்துச் செண்பகக்கனி மட்டும் அந்தப் பக்கம் போகும்போது, "கீரை போட்டிருந்தா பிள்ளைங்களாவது தின்னிருக்கும்" என்று சொல்லிவைத்தாள். படிக்காதவள் பேச்சு என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொல்லப்போனால், அந்தக் குமிழில் படித்தவர்கள் என்றும் இப்போது யாரும் மிச்சமில்லை.

மறு ஆண்டு கணியர் வந்தது. முன்தகவல் இல்லாததால் சௌந்தரவல்லிக்குக் கொஞ்சம் பதற்றம். ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை. கண்ணாடிகள் பளபளத்தன. புத்தகங்களின் முதுகுகள் ஒரே உயரத்தில் அணிவகுத்து நின்றன. சாவிக்கொத்து இடுப்பில் இருந்தது. ஆய்வுக்கா வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இல்லை, தன் சேவைக் காலத்தில் முதல்முறையாக விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருப்பதாகக் கணியர் சொன்னது.

"எனக்கு ஒரு புத்தகம் வேண்டும், அம்மையீர்."

"தாராளமாப் பாருங்க. கண்ணாடி வழியா அட்டை நல்லாத் தெரியும்."

"படிக்க வேண்டும்."

சௌந்தரவல்லி சிரித்தார். கடைக்கு வந்து காட்சிக்குக் கட்டிவைத்த பொம்மையின் சேலையைக் கேட்கிற ஆளைப் பார்த்து அவருடைய அப்பா சிரிக்கிற சிரிப்பு.

"இவ்வளவு கஷ்டப்பட்டுக் காப்பாத்தி வச்சிருக்கோம். எடுத்துக் குடுத்தா அழுக்காயிராதா?"

கணியர் பீரோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனது. பூமியின் பழைய காலத்துப் படங்கள் அதன் நினைவில் ஏராளமாக இருந்தன. அவற்றோடு இந்த அறையை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இருபத்தோராம் நூற்றாண்டில் உங்கள் முன்னோர்களின் பள்ளிகளில் நூலகங்கள் எப்படி இருந்தன என்று நான் பார்த்திருக்கிறேன்" என்றது கடைசியில். "அங்கிருந்து இத்தனை கோடிக் கல் தொலைவு வந்தும் நீங்கள் ஒன்றையும் மாற்றவில்லை."

எந்திரம் பொய் சொல்லாது என்பது கோளுக்கே தெரியும். சௌந்தரவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. கணியர் வாசலைத் தாண்டுகிறவரைகூடப் பொறுக்க முடியாமல், தலைமையாசிரியர் அறைக்கு ஓடினார்.

"சார், பூமியிலயே இப்படித்தான் வச்சிருந்தாங்களாம்."