பாகீரதி துவைத்த பெல்ட்

ஸ்ரீகண்டனுக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று தெரு முழுக்கப் பேச்சு. உண்மையில் முக்கால்வாசிதான் கிடைத்திருந்தது. பாக்கிக் கால்வாசி ஒரு தோல் பெல்ட்டில் இருந்தது.

சர்க்கார் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. காக்கிச் சட்டையும் நிஜாரும் ஆபீஸில் கொடுத்துவிட்டார்கள். பெல்ட்டை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். டிக்கெட் பெட்டியும் சில்லறைப் பையும் நாள் முழுக்க அதில்தான் தொங்கும். அதனால் இரண்டு விரல் அகலத்தில், தடித்த தோலில், கெட்டியாகத் தைத்த பெல்ட்டாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இன்ஸ்பெக்டர் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பார்ப்பார். சரியான பெல்ட் இல்லாதவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நல்ல தோலெல்லாம் சிப்பாய்களின் பூட்ஸுக்குப் போய்விட்டது. சாலைக் கடைத்தெருவில் ஸ்ரீகண்டன் ஏறி இறங்காத கடை இல்லை. எல்லாரும் அட்டைக்குத் தோல் நிறம் பூசிய பெல்ட்டையே நீட்டினார்கள். ஒரு கடையில் சும்மா மடக்கிப் பார்த்தான். அது இரண்டு துண்டாகிக் கையோடு வந்தது. "பெல்ட்டை எதுக்குங்காணும் மடக்கினீர்?" என்று கடைக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார்.

ஆறாம் நாள் பாளையத்தில் ஒரு செருப்புக் கடையில் நல்ல பெல்ட் ஒன்று அகப்பட்டது. கனமான தோல், பித்தளை பக்கிள். ஸ்ரீகண்டன் அதைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

வீடு கிழக்கேகோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் இருந்தது. அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அம்மா நாகலக்ஷ்மி ஊருக்கெல்லாம் அப்பளம் இட்டுக் கொடுத்து இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்றிவந்தாள். உளுந்து மாவை இடித்து இடித்து அவளுக்குத் தோளில் ஓயாத வலி. ஸ்ரீகண்டன் வேலைக்குப் போனால் அந்த உலக்கையைச் சுவரில் சாய்த்துவைக்கலாம். அவன் தங்கை பாகீரதிக்குப் பத்து வயது. ஆனாலும் இதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பெல்ட்டைப் பார்த்ததும் அம்மா இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள்.

"தோலெல்லாம் ஆத்துக்குள்ளே வரப்படாது, கேட்டியா. வாசல் ஆணியிலே மாட்டிடு."

அம்மா மடியாக இருப்பவள். குளித்துவிட்டு, துவைத்து உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டுதான் அடுப்பண்டை போவாள். மடியாக இருக்கும்போது கண்டதையும் தொடமாட்டாள். கடையிலிருந்து வரும் புதுத் துணிகூடத் தண்ணீரில் நனைந்து, கொடியில் காய்ந்த பிறகுதான் உள்ளே நுழையலாம்.

ஸ்ரீகண்டன் பெல்ட்டை வாசல் ஆணியில் மாட்டினான். பாகீரதிக்கு அது பிடிக்கவில்லை. போன வாரம்தான் பக்கத்து வீட்டுப் பிச்சுமணி மாமாவின் செருப்பில் ஒன்றைத் தெருநாய் தூக்கிக்கொண்டு போயிருந்தது. மாமா இன்னமும் ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு நாயைத் தேடிவருகிறார். பெல்ட்டுக்கும் அந்தக் கதி வந்தால் என்ன செய்வது?

சனிக்கிழமை காலையில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. புதுத் துணியை நனைத்து உலர்த்தினால் மடி ஆகிவிடுகிறது. பெல்ட்டையும் அப்படியே செய்துவிட்டால் அம்மா உள்ளே விட்டுவிடுவாளே.

ஸ்ரீகண்டன் பஸ் நிற்கும் இடங்களின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டே நண்பன் வீட்டுக்குப் போயிருந்தான். அம்மா அப்பளம் கொடுக்கப் போயிருந்தாள். பாகீரதி கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீர் இறைத்து, பெல்ட்டை அதற்குள் அமுக்கினாள். செய்வதைத் திருந்தச் செய்கிற பெண் அவள். அதனால் இரண்டு பிடி சீயக்காயும் போட்டாள். ஒரு மணி நேரம் ஊறவிட்டாள். துவைக்கிற கல்லில் நாலு அடியும் அடித்தாள். பிறகு மீனமாசத்துக் கோடை வெயிலில் சுவர்மேல் விரித்து, பறக்காமல் இருக்க ஒரு கல்லையும் தூக்கிவைத்தாள்.

சாயங்காலம் போய்ப் பார்த்தபோது பெல்ட் சுருண்டு, வற்றல்போல் முறுக்கிக்கொண்டு கிடந்தது. நிமிர்த்திப் பார்த்தாள். படக்கென்று நடுவில் பிளந்தது.

நாய் கொண்டுபோய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி பாகீரதிக்குத் தோன்றியது. அந்த நாய்க்கு ஏற்கெனவே ஒரு கெட்ட பெயர் இருக்கிறது. ஆனால் அண்ணா முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவளால் முடியாது. ஸ்ரீகண்டன் வந்ததும் பிளந்த பெல்ட்டை நீட்டி, நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டாள்.

அவன் பெல்ட்டை வாங்கி மோந்து பார்த்தான்.

"சீயக்காயும் போட்டியோ?"

"போட்டேன். ரெண்டு பிடி."

"எண்ணெய் தேச்சியோ?"

"இல்லை."

"அதாக்கும் தப்பு. தோலுக்கு எண்ணெய்தான் தேய்க்கணும்." சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "சரி, போறது போ. நாளைக்கு இன்னொண்ணு தேடறேன். நீ அழப்படாது."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது பாகீரதிக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீகண்டன் மறுபடி தேடப் போனான். பாகீரதி வாசலில் நின்றபடி, இந்த ஊரில் தடித்த தோல் பெல்ட் யார் யாரிடம் இருக்கிறது என்று யோசித்தாள். போலீஸ்காரரிடம் இருக்கிறது. ஆனால் அவர் கழற்றித் தரமாட்டார். தந்தால் அவர் நிஜாரை யார் பிடித்துக்கொள்வது? சிப்பாய்கள் யுத்தத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்த நேரம் ஒரு ஜட்கா வண்டி தெருவோடு போனது. பாகீரதி குதிரையின் வயிற்றைப் பார்த்தாள். அங்கே இரண்டு விரல் அகலத்தில் ஒரு தோல் வார் இறுக்கமாகக் கட்டியிருந்தது.

அவள் கோட்டை வாசலை நோக்கி ஓடினாள். அங்கேதான் ஜட்கா வண்டிகள் நிற்கும். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த பிச்சையா தன் குதிரை செண்பகத்துக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான்.

"அண்ணாச்சி, பழைய குதிரை வார் ஏதாவது இருக்கா? தடியா, நல்ல தோலா?"

"இருக்கே, பிள்ளே." பிச்சையா வண்டியின் ஆசனப் பலகையைத் தூக்கி, துணியில் சுற்றிவைத்திருந்த ஒரு வாரை எடுத்தார். எண்ணெய் தடவித் தடவி அது பளபளவென்று இருந்தது. "இது வெள்ளையனுக்க வாரு. பதினாலு வருசம் இந்த வண்டியை இழுத்தான். போன வருசம் போயிட்டான். தோலைத் தொட்டுப் பாரு."

பாகீரதி தொட்டுப் பார்த்தாள். தடிமனாகவும் மெத்தென்றும் இருந்தது. பாளையத்துப் பெல்ட் இதற்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

"ஆருக்கு வேணும்?"

பாகீரதி தயங்கினாள். சர்க்கார் பஸ் வந்ததிலிருந்து ஜட்காவில் ஏற ஆள் இல்லை. பஸ் என்ற பேச்சை எடுத்தாலே வண்டிக்காரர்களுக்கு முகம் சிவந்துவிடும். வேறு யார் பெயரையாவது சொல்லிவிடலாம்தான்.

"எங்க அண்ணாவுக்கு," என்றாள். "பஸ்ஸிலே கண்டக்டர் ஜோலி கெடைச்சிருக்கு. அவன் வாங்கின பெல்ட்டை நான் துவைச்சுக் கெடுத்துட்டேன். நாளைக்குக் காலம்பற பெல்ட் இல்லேன்னா ஜோலி போயிடும்."

பிச்சையா வாரைத் திரும்பத் துணியில் சுற்றினார்.

"பஸ்ஸுக்காரனுக்கு வெள்ளையனுக்க வாரா? எங்க பிழைப்புல மண்ணு போட்டதே அந்தப் பஸ்ஸுதான். போ பிள்ளே, வீட்டுக்குப் போ."

அவர் சொன்னதில் தப்பில்லை என்றே பாகீரதிக்குத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அப்போது செண்பகம் கழுத்தை வளைத்துத் தன் வயிற்று வாரைக் கடிக்கப் பார்த்தது. வாருக்கு அடியில் சிவப்பாகப் புண் தெரிந்தது.

"அண்ணாச்சி, இதுக்கு வலிக்கறது."

"தெரியும் மக்கா. புது வாரு யுத்தச் சரக்கு. தையல் உரசுது. வெள்ளையனுக்க வாரு இவளுக்கு நீளம் பத்தாது. துணி சுத்திப் பாத்தேன், நழுவி நழுவிப் போகுது."

பாகீரதி வீட்டுக்கு வந்தாள். ஸ்ரீகண்டனும் திரும்பி வந்திருந்தான், வெறுங்கையோடு. கிணற்றடியில் உட்கார்ந்து தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சொல்ல அவளிடம் நல்ல சேதி ஒன்றும் இல்லை. செண்பகத்தின் புண்ணும் மனசை விட்டுப் போகவில்லை. அதற்காவது ஏதாவது செய்யலாம்.

அப்பாவின் பழைய வேஷ்டி ஒன்று பெட்டியில் இருந்தது. அம்மாவிடம் கேட்டு அதில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டாள். தன் தலையணையைப் பிரித்து இரண்டு பிடி இலவம் பஞ்சு எடுத்தாள். நீளமான உறைபோலத் தைத்து, பஞ்சை அடைத்து, வாரோடு சேர்த்துக் கட்ட நாலு நாடாக்களும் வைத்தாள். விரலில் மூன்று இடத்தில் ஊசி குத்தியது.

திரும்ப வந்து நின்றவளைப் பார்த்துப் பிச்சையா முகத்தைச் சுளித்தார். "வாரு தரமாட்டேன்னு அப்பமே சொன்னேனே, பிள்ளே."

"தெரியும் அண்ணாச்சி. இது செண்பகத்துக்கு."

பிச்சையா அந்தச் சின்னத் தலையணையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வாருக்கு அடியில் வைத்து நாடாக்களை முடிந்தார். குதிரையைப் பிடித்து, கோட்டை வாசலைச் சுற்றி ஒரு நடை நடத்திக் கூட்டிவந்தார். செண்பகம் ஒரு தடவைகூட வயிற்றுப் பக்கம் திரும்பவில்லை. பத்து நாளாகத் தொங்கியிருந்த அதன் காதுகள் நிமிர்ந்து நின்றன.

பிச்சையா கொஞ்ச நேரம் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"உங்கண்ணன் ஏறலேன்னா அந்தப் பஸ்ஸு நிக்கவா போகுது? வேற ஒருத்தன் ஏறுவான்," என்றார். பிறகு, "நீ துவைச்சியே ஒரு பெல்ட்டு, அதுக்க பக்கிள் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு."

"கொண்டா. அண்ணனுக்க இடுப்பளவும் எடுத்துட்டு வா."

பாகீரதி வீட்டுக்குப் பறந்தாள். ஒரு வாழைநாரை எடுத்து, கிணற்றடியில் இருந்த ஸ்ரீகண்டனின் இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"என்னடி பண்றே?"

"ஒண்ணுமில்லை. மூச்சை உள்ளே இழுக்காம நேரா நில்லு."

அவன் நின்றான். அவள் நாரோடும் உடைந்த பெல்ட்டோடும் ஓடினாள்.

குதிரை வண்டிக்காரருக்குத் தோல் தைக்கத் தெரியாமல் இருக்குமா? பிச்சையா வாரை அளவாக வெட்டி, குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலால் பக்கிளைச் சேர்த்து இரட்டைத் தையல் போட்டார். வெட்டும்போது மட்டும் கை ஒரு நொடி நின்றது. மிச்சத் துண்டைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இனி இதைத் துவைக்கப்படாது."

"துவைக்கமாட்டேன், அண்ணாச்சி. சத்தியமா."

"இன்னொண்ணு. என் வண்டிக்கிட்ட நிக்கிற சவாரியைக் கூப்பிட்டுப் பஸ்ஸில ஏத்தப்படாதுன்னு உங்கண்ணன்கிட்ட சொல்லு."

அன்று விளக்கேற்றுவதற்கு முன் பாகீரதி அந்தப் பெல்ட்டை ஸ்ரீகண்டன் கையில் வைத்தாள். அவன் அதை மடக்கிப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான், காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தான். அது அசையவில்லை. கடைசியில் பாகீரதியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். நேற்று வராத சிரிப்பு இப்போது வந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. காக்கி உடுப்போடு வாசலில் நின்ற ஸ்ரீகண்டன் பெல்ட்டை மாட்டப் பார்த்தான். பக்கிளின் ஊசி துளைக்குள் போகவே மாட்டேன் என்றது. நேரம் ஆகிக்கொண்டிருந்தது. பாகீரதி முயன்று பார்த்தாள். தோல் தடிமனாக இருந்ததால் அவள் விரலுக்குப் பலம் போதவில்லை.

அம்மா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். குளித்துவிட்டு ஈரத் தலையோடு, மடிப் புடவை கட்டியிருந்தாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அவள் நேராக வாசலுக்கு வந்தாள். உலக்கை பிடித்துக் காய்த்துப்போன கையால் பெல்ட்டைப் பிடித்து, ஒரே இழுப்பாக இழுத்து மாட்டினாள்.

"அம்மா, மடி..." என்றான் ஸ்ரீகண்டன்.

"இன்னொரு தரம் குளிச்சாப் போச்சு. கிணத்திலே தண்ணிக்கு என்ன பஞ்சமா?" அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "பேடிக்காம, தைரியமா போயிட்டு வா. மத்தியானத்துக்கு என்ன சமைக்கட்டும்?"

அவன் தெருமுனை திரும்பும்வரை அம்மா வாசலைவிட்டு நகரவில்லை. பாகீரதி கிணற்றடிக்குப் போய், அம்மா குளிக்க வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்துவைத்தாள்.