அமலராணியின் நீல வண்டியில் வெள்ளைப் புள்ளிகள்

விபத்து வண்டிகளைப் பார்வையிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை தருபவர் மெர்வின். அவருடைய குரோம்பேட்டை அலுவலகத்துக்குள் அமலராணி டீச்சர் வந்தபோது கோபத்தில் அவளுக்குப் பேச்சே திக்கியது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

பின்கதவில் விழுந்த நசுங்கலைச் சரிசெய்ய, திங்கட்கிழமை படப்பை சாலையில் ஷ்யாம்சுந்தரின் ஷெட்டில் தன் நீல நிறக் காரை விட்டிருந்தாள். பெயிண்ட் பறக்கும் இடமாயிற்றே என்று வண்டியைக் கழுவித் துடைத்து, சொந்தக் கவரைக் கொண்டுபோய்த் தன் கையாலேயே போர்த்திவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் பானெட்டிலும் முன்கண்ணாடியிலும் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். பின்பக்கம் மட்டும்தான் கவரைத் தூக்கினோம், புள்ளியோடுதான் வண்டியே வந்தது என்று ஷ்யாம்சுந்தர் சாதித்தார். ஓசியில் பெயிண்ட் அடிக்க டீச்சர் நாடகம் போடுகிறார் என்று நாலு பேர் முன்னால் சிரிக்கவும் செய்தார்.

"பொய் சொல்லக் கூடாதுன்னு இருபது வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கிறேன் சார். என்னைப் பொய்க்காரின்னுட்டான்."

விடும்போது போட்டோ எடுத்தீர்களா என்று கேட்டாள் மெர்வினின் உதவியாளர் ஜெரூஷா. எடுக்கவில்லை. அந்தக் கேள்வி அமலராணியின் எரிச்சலை இன்னும் கிளறியது.

மூவரும் படப்பைக்குப் போனார்கள். தகரக் கூரைக்கு அடியில் நின்ற காரை மெர்வின் சுற்றி வந்தார். பக்கத்தில் மடித்து வைத்திருந்த கவரை விரித்துப் பார்த்தார். ஒரு மூலையில் தையல் பிரிந்திருந்தது. மேலே காக்கை எச்சம் காய்ந்திருந்தது. வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை.

"பார்த்தீங்களா?" என்றார் ஷ்யாம்சுந்தர். "இங்க விழுந்திருந்தா கவர் மேல இருக்காதா?"

அமலராணிக்கு அவர் முகத்தில் அறையலாம் போலிருந்தது.

முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் டேப்பால் ஒட்டியிருந்த, வேலை விவரம் எழுதிய ஜாப் கார்டு அட்டையை மெர்வின் காட்டினார். எப்போது ஒட்டியது என்று கேட்டார். வண்டி உள்ளே வந்ததுமே தானே ஒட்டியதாகவும், அதன் மேல்தான் டீச்சர் கவர் போட்டதாகவும் ஷ்யாம்சுந்தர் சொன்னார். மெர்வின் அட்டையை உரித்தார். சுற்றிலும் புள்ளிகள், அட்டை இருந்த இடத்தில் மட்டும் கண்ணாடி சுத்தமாக இருந்தது.

"புள்ளியோட வந்திருந்தா அட்டைக்கு அடியிலயும் இருக்கணும். இல்ல. அட்டை ஒட்டினப்புறம் இங்கதான் விழுந்திருக்கு. கவர் மேல விழலைன்னா, அப்போ கவர் இந்த வண்டி மேல இல்ல."

"கூரைக்கு அடியில காக்கா எப்படி சார் எச்சம் போடும்?" என்ற ஜெரூஷா, வாசல் புங்கமரத்தடியில் நின்ற பெரிய கறுப்புக் காரைப் பார்த்தாள். அது ஷ்யாம்சுந்தருடையது. "அதுக்கு மாட்டித்தான் தையல் பிரிஞ்சிருக்கு."

கவரை எடுத்தது நீயாடா என்று ஷ்யாம்சுந்தர் பெயிண்டர் சக்தியின் மேல் பாய்ந்தார்.

"நீங்கதானண்ணா கயட்டி உங்க வண்டிக்குப் போட சொன்னீங்க," என்றான் சக்தி. "பக்கத்துல வெள்ளை அடிச்சிகினு கீறேன், டீச்சர் வண்டி மேல வுழும்னு சொன்னேன். கேட்டீங்களா?"

ஷ்யாம்சுந்தரின் குரல் இறங்கியது. உள்ளே உட்கார்ந்து பேசலாம் என்றார்.

"உள்ளே எதுக்கு? அன்னிக்கு எல்லாரும் கேக்கத்தானே என்னைச் சொன்னீங்க. அதே சத்தத்துல சொல்லுங்க."

பொய் சொன்னது தான்தான் என்று அவர் முணுமுணுத்தார். கேட்கவில்லை என்றாள் அமலராணி. ஷெட்டில் வண்டிக்காகக் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, இரண்டாம் முறை உரக்கச் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் சக்தி ஒவ்வொரு புள்ளியாகத் தேய்த்து எடுத்தான். அதுவரை அமலராணி வண்டியை விட்டு நகரவில்லை. பானெட் பளபளத்தது. திரும்பும் வழியில் தாம்பரம் தாண்டியும் அவள் கோபம் மட்டும் இறங்கவில்லை.