கட்டிப்பிடிக்கத் தெரியாத மகள்

மகள் அவளைக் கட்டிப்பிடித்தாள். அதுதான் முதலில் உறுத்தியது.

பிறந்ததிலிருந்தே ஒட்டாத பெண். பள்ளிக்கூட வாசலில் மற்றப் பிள்ளைகள் தாய்மேல் பாய்ந்து ஏறும்போது இவள் பையை மட்டும் நீட்டுவாள். நடுக்க நோய் வந்து அம்மா கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் கிடந்த வருடங்களில் ஊட்டிவிட்டாள், குளிப்பாட்டினாள், கடையையும் நடத்தினாள்; ஒருநாளும் அணைத்ததில்லை. அப்படிப்பட்டவள், தையல் மெஷினில் குனிந்திருந்த அம்மாவைப் பின்னாலிருந்து வளைத்து, கன்னத்தோடு கன்னம் வைத்து, நெஞ்சில் உள்ளங்கையை அழுத்தியபடி சற்று நேரம் நின்றாள். தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு வலது கட்டைவிரல் ஆடத் தொடங்கியது.

மண்டையில் துளையிட்டு மூளையின் ஆழத்துக்கு இரண்டு மெல்லிய கம்பிகளை இறக்கி, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் சின்ன சோப்புக்கட்டி அளவில் பேட்டரி வைத்துத் தைத்த பிறகு, அந்த விரல் ஆடியதே இல்லை. ஊசியில் தானே நூல் கோத்தாள். பழைய வாடிக்கையாளர்கள் மகளின் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். "அக்காவே வந்துட்டாங்களா? அப்ப என் சட்டைய அவங்களே வெட்டட்டும். உன் கழுத்து வெட்டு தூக்குக் கயிறு மாதிரி இறுக்குது பாப்பா." மகள் சிரித்துக்கொண்டே எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள்.

இப்போது அந்த நாற்காலியில் கழுத்து இறுகியது. இடுப்பு, முழங்கால், கடைசியில் நாக்கு. ஜன்னல் வெயில் துணிக்கட்டுகள்மேல் ஊர்ந்து, சுவரேறி, மங்கியது. அவளால் முகத்தில் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்ட முடியவில்லை. உள்ளே மகள் பாத்திரம் கழுவும் சத்தம், யாரிடமோ போனில், "அம்மாவுக்கு மறுபடி வந்துடுச்சு, நானே தெச்சுத் தர்றேன்" என்ற குரல். விளக்கு வைக்கும் நேரத்தில் மகள் மறுபடி அணைத்தாள். நெஞ்சிலிருந்து கைவரை ஒரு கூச்சம் ஓடியது. உடம்பு இளகியது.

அடுத்த முறை அவள் அளவு பார்க்கும் கண்ணாடியின் முன் நின்றிருந்தாள். பின்னாலிருந்து கைகள் வந்தன. கண்ணாடியில் மகளின் உள்ளங்கை தெரிந்தது. அதற்குள், பேட்டரியை நிறுத்தவும் ஓட்டவும் ஆஸ்பத்திரியில் தந்த ரிமோட். பேட்டரிமேல் ஒட்டிப் பிடித்தால்தான் அது வேலை செய்யும் என்று மருத்துவமனை நர்ஸ் சொல்லிக் கொடுத்தது இருவருக்கும்தான். கண்ணாடிக்குள் மகளின் முகம் அமைதியாக, ஏறக்குறைய அன்பாக இருந்தது.

பெற்ற மகளைப் பற்றி யாரிடம் சொல்வது? தம்பியைக் கூப்பிட்டாள். லாரி ஓட்டுகிறவன்.

"என்னக்கா, பேட்டரி போட்டதும் நான்-ஸ்டாப்பா பேசறியாமே?"

"நேர்ல வாடா. போன்ல முடியாது."

அவன் வருவதாகச் சொன்ன மதியம் அவள் உட்காரவில்லை. சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள். பின்னாலிருந்து யாரும் வர முடியாது. தெருவில் ஒவ்வொரு ஹாரனுக்கும் வாசலைப் பார்த்தாள். மகள் தையல் வேலைக்குப் போடும் கோட்டோடு எதிரே வந்து நின்றாள்.

"மாமாவ எதுக்கும்மா கூப்ட்ட?"

அவள் சுவரை இன்னும் ஒட்டினாள்.

"என்மேல என்ன கோபம்? இத்தன வருஷம் நான்தானேம்மா இருந்தேன். உனக்குக் கை வந்ததும் நான் யாரோவா?"

குரல் உடைந்தது. உண்மையாகவே அழுதாள். மூக்கு சிவந்து, சின்ன வயதில் அழுவதுபோலவே. தையல்காரியின் கைகள் தாமாக விரிந்தன. ஒரு கணம்தான். மகள் அந்தக் கைகளுக்குள் வந்தாள்.

நெஞ்சில் சில்லென்று பிளாஸ்டிக்.

மகளே நாற்காலிக்கு நடத்திச் சென்றாள். உட்கார வைத்தாள். புடவையைச் சரிசெய்தாள். காத்திருந்தாள்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். "எங்க என் பேட்டரி அக்கா? ஹாரன் அடிச்சாத்தான் வருவியா?"

சிரிப்பு பாதியில் நின்றது.

"ரெண்டு வாரமா இப்படித்தான் மாமா. பேட்டரி ஓடுது. உடம்புதான் ஏத்துக்கல."

தம்பி அவள் முன்னால் மண்டியிட்டான். டீசல் வாசனை. அக்கா, அக்கா என்றான். அவள் கத்தினாள். உதடு அசையவில்லை.

"எடுத்துடலாம்னு பாக்கறேன் மாமா. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

தம்பி தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எடுத்துடு பாப்பா. பட்டது போதும் அவ."

கண்ணீர் வழிந்தது. மகள் துடைத்துவிட்டாள். "பாத்தீங்களா, உங்களக் கண்ட சந்தோஷம்."

விரல். ஒரே ஒரு விரல். அதை அவள் தூக்கினாள். உடம்பில் மிச்சமிருந்த அத்தனையையும் கூட்டி, ஆடி, விழுந்து, மறுபடி. மகளின் கோட்டுப் பையை நோக்கி. சதுரமாகப் புடைத்திருந்த அந்தப் பையை நோக்கி.

தம்பி பார்த்தான்.

"ஐயோ, எப்படி நடுங்குது பாரு" என்றான். இரண்டு கைகளாலும் அந்த விரலைப் பொத்தி, மடக்கி, அவள் மடியில் வைத்து, அது அடங்கும்வரை அன்பாக அழுத்திப் பிடித்துக்கொண்டான்.