லாரி படம் போட்ட சீட்டு

அனுப்பியாகிவிட்டது. மைனா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தான் எழுதிய கடிதத்தைத் திரையில் மறுபடியும் ஒருமுறை படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்படிக்கு, இந்தத் தெருவில் குடியிருப்பவர்" என்றுதான் முடித்திருந்தாள். பெயரைப் போட்டால் சின்னப் பெண் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று அவளுக்கு ஒரு எண்ணம். ஆனால் அதற்குக் கீழே, அவள் தட்டச்சு செய்யாத மூன்று வரிகள் தாமாகவே வந்து உட்கார்ந்திருந்தன. அம்மாவின் பெயர். அம்மாவின் பதவி. நகர மன்ற அலுவலகம், உரிமப் பிரிவு.

அம்மாவின் அலுவலக மின்னஞ்சல் அப்படித்தான். யார் எழுதினாலும் அடியில் அம்மா பெயரை ஒட்டிவிடும். அது மைனாவுக்குத் தெரியாது. தெரிந்தபோது கடிதம் மன்ற உறுப்பினர்கள் ஒன்பது பேருக்கும் போய்விட்டது.

ஓயாமல் பேசுவதால் அவளுக்கு வீட்டில் மைனா என்று பெயர். அவளுடைய ஆறு வயதுத் தம்பிக்குக் குண்டூசி என்று பெயர். ஆள் ஒல்லி, எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவான். பள்ளி விட்டதும் இருவரும் அம்மாவின் அலுவலகத்துக்கு வந்து, கோப்பு அலமாரிக்குப் பக்கத்துப் பெஞ்சில் ஐந்து மணிவரை உட்கார்ந்திருப்பார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. யாரோ ஒருவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க அம்மா எழுந்து போயிருந்தாள். கணினி திறந்தே இருந்தது. கடிதம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள்.

எதற்குக் கடிதம் என்றால், லாரிக்கு. பெரிய சாலையில் குழாய் பதிக்கத் தோண்டியபோது, கிடங்குக்குப் போகிற லாரிகளை மைனாவின் தெரு வழியாகத் திருப்பிவிட்டார்கள். இரண்டே மாதம் என்றார்கள். குழாய் பதித்து, சாலை போட்டு, கோடும் வரைந்தாயிற்று. லாரிகளுக்கோ குறுக்கு வழி ருசித்துவிட்டது. இப்போது அந்தத் தெருவையே நிரந்தர லாரிப் பாதையாக்கலாமா என்று மன்றம் முடிவு செய்யப்போவதாகவும், தெருக்காரர்கள் கருத்தை எழுதி அனுப்பலாம் என்றும் விளக்குக் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

மைனாவும் குண்டூசியும் ஒரு வாரம் முழுக்க, காலை எட்டு முதல் எட்டரை வரை வாசற்படியில் உட்கார்ந்து லாரிகளை எண்ணினார்கள். லாரிக்கு நோட்டில் ஒரு கோடு. கோடு போடுகிற பெரிய பதவி குண்டூசிக்கு.

அம்மா திரும்பி வந்தாள். மைனா பெஞ்சுக்குப் பாய்ந்துவிட்டாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா குண்டூசியின் காலரைப் பிடித்துப் பார்த்தாள். அங்கே பொத்தானுக்குப் பதில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது.

"இந்தப் பட்டன் எப்படிப் போச்சுன்னு ரெண்டு பேரும் இன்னும் சொல்லல" என்றாள் அம்மா.

இருவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். மைனாவின் வாய் மூடிக்கொண்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். நாளைக்கும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு மன்றக் கூட்டம். கடிதம் போட்டால் மட்டும் போதாது, நேரிலும் பேச வேண்டும் என்று மைனா முடிவு செய்திருந்தாள். பள்ளி விட்டதும் நேரே கூட்ட அரங்கின் வாசலுக்குப் போனார்கள். அங்கே பெரிய மீசை வைத்த உதவியாளர் ஒரு மேசை போட்டுச் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கு ஒரு சீட்டு, ஒரே ஒரு தடவை, இரண்டு நிமிடம். எந்த எண்ணுள்ள விஷயத்தைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அதில் எழுத வேண்டும். லாரி விஷயம் ஏழாம் எண். மைனா ஏழு என்று எழுதி முத்திரை வாங்கினாள்.

"எனக்கு?" என்றான் குண்டூசி.

"உனக்கு எதுக்குப்பா?"

"எல்லாருக்கும் குடுக்கறீங்களே."

உதடு பிதுங்க ஆரம்பித்ததைப் பார்த்ததும் மீசைக்காரர் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டார். குண்டூசி அதில் ஒரு லாரி வரைந்து, முத்திரைக்காக மறுபடி நீட்டினான். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு அதிலும் ஒன்று குத்தினார்.

அம்மாவிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று உரிமப் பிரிவுக்குப் போனார்கள். அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அது மன்றச் செயலாளரின் அறை.

"ஒன்பது உறுப்பினருக்கும் உங்க மெயில்லேருந்து போயிருக்கு" என்றது செயலாளரின் குரல். "நீங்க அனுப்பினதா, இல்லையா?"

காகிதம் ஒன்று மேசைமேல் நகரும் சத்தம் கேட்டது.

"நான்தான் சார்" என்றாள் அம்மா.

மைனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆபீஸ் மெயில்ல சொந்த விஷயம் எழுதக் கூடாதுன்னு இன்னிக்குத்தான் விதி கொண்டு வர்றோம். இந்த நேரம் பாத்தா இப்படிப் பண்ணுவீங்க? உங்க வேலை இன்னும் நிரந்தரம்கூட ஆகல."

"தெரியும் சார்."

"அந்த விதி நாலாம் எண்ணாக் கூட்டத்துல வருது. இந்த மெயிலை நான் மறைக்க முடியாது. உங்க வேலையை நீட்டிக்க வேணாம்னு அவங்க சொல்லிட்டா, என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அம்மா வெளியே வந்தாள். மைனாவைப் பார்த்ததும் நின்றாள்.

"அம்மா, அது..."

"எனக்குத் தெரியும். என் கம்ப்யூட்டர்ல லாரிக் கணக்கு எழுத வேற யாரு இருக்கா."

"அப்புறம் ஏம்மா நீன்னு சொன்னே?"

"திறந்து போட்டுட்டுப் போனது நான்தானே. உன்னை எதுக்கு இழுக்கணும்? நீ வாயைத் திறக்காம இரு, அது போதும்."

அம்மாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் கயிற்றை அவள் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க மைனாவுக்கு அழுகை வந்தது.

அரங்கில் ஒன்பது உறுப்பினர்களும் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மூக்குக் கண்ணாடி போட்ட தலைவர் அம்மையார். ஓரத்தில் ஒரு பருத்த உறுப்பினர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார். லேசாகக் குறட்டையும் கேட்டது. அம்மா சுவரோரம் மற்ற ஊழியர்களுடன் நின்றாள்.

மைனா சுற்றிலும் பார்த்தாள். அவள் தெருக்காரர்கள் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் நேரம் அது.

ஒன்று, இரண்டு, மூன்று முடிந்தது. செயலாளர் எழுந்து நாலாம் எண்ணைப் படித்தார். அலுவலக மின்னஞ்சல் அலுவலக வேலைக்கு மட்டுமே. மீறினால் நடவடிக்கை. "இந்த வாரமே ஒரு ஊழியர் மீறியிருக்கிறார்" என்று அவர் அம்மாவின் பெயரைச் சொன்னார். எல்லாத் தலையும் சுவர்ப் பக்கம் திரும்பியது.

மைனா கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். இதை இப்போது கொடுத்தால் லாரிக்காகப் பேச ஆளே கிடையாது. ஒரு வாரம் எண்ணியதெல்லாம் வீண். கொடுக்காவிட்டால் அம்மாவுக்காகப் பேச ஆள் கிடையாது.

கயிறு அம்மாவின் விரலில் இறுகியிருந்தது. மைனா சீட்டில் ஏழு என்பதை அடித்தாள். பக்கத்தில் நாலு என்று எழுதினாள். எழுந்துவிட்டாள்.

தலைவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "இப்பப் பேசினா ஏழாம் எண்ணுக்குப் பேச முடியாதும்மா. ஒருத்தருக்கு ஒரு தடவைதான்."

"தெரியும் மேடம்."

மைக் அவள் நெற்றிக்கு நேராக இருந்தது. மீசைக்காரர் ஓடி வந்து வளைத்துவிட்டார். ஓயாத வாய்க்கு அன்று பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டது.

"அந்த மெயிலை அம்மா அனுப்பல" என்றாள் ஒருவழியாக. "நான் அனுப்பினேன். அவங்க ஒருத்தருக்கு ஃபாரம் எழுதித் தரப் போயிருந்தாங்க. கேக்காம கம்ப்யூட்டரைத் தொட்டேன். அடியில அம்மா பேரு தானா வரும்னு எனக்குத் தெரியாது. தப்புதான்."

சுவரோரம் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்படியே இருந்தாலும்" என்றார் செயலாளர், "ஊழியர் கம்ப்யூட்டரைத் திறந்து வெச்சதும் இந்த விதிப்படி தப்புத்தான்."

அந்த "இந்த விதிப்படி" மைனாவின் காதில் சுருக்கென்று பட்டது.

"சார், இந்த விதி எப்பலேருந்து?"

"இன்னிக்கு நிறைவேறினா, நாளையிலேருந்து."

"அப்ப செவ்வாய்க்கிழமை இல்லையா?"

செயலாளர் தொண்டையைச் செருமினார். மைனாவின் பழைய வாய் திரும்பி வந்துவிட்டது.

"எங்க ஸ்கூல்ல நேத்து ஒருத்தன் பந்தைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் அடிச்சான். சுவத்தைத் தாண்டினா அவுட்டுன்னு இன்னிக்குத்தான் விதி போட்டோம். அவன் நேத்து அவுட்டா, இல்லையா?"

"நேத்து எப்படி அவுட் ஆகும்?" என்று ஓரத்திலிருந்து குரல் வந்தது. பருத்த உறுப்பினர் கண்ணைத் திறந்திருந்தார். "விதி இன்னிக்குத்தானே வந்துது."

"அதைத்தான் சார் நானும் கேக்கறேன்."

தலைவர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கிறார் என்று முன்வரிசைக்குத் தெரிந்தது.

"விதி நாளையிலேருந்துதான். முந்தி நடந்ததுக்கு இது பொருந்தாதுன்னு எழுதிக்குங்க. யார் மேலயும் நடவடிக்கை இல்ல" என்றார். பிறகு மைனாவைப் பார்த்தார். "ஆனா அந்தக் கடிதம் செல்லாதும்மா. ஆபீஸ் மெயில்ல வந்ததைத் தெருக்காரங்க கருத்தா எடுத்துக்க முடியாது."

மைனா தலையாட்டினாள். இடத்துக்குத் திரும்பும்போது அம்மாவைப் பார்த்தாள். கயிறு விரலை விட்டு அவிழ்ந்திருந்தது. அது போதும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

ஏழாம் எண் வந்தது. கிடங்கின் மேலாளர் பேசினார். "சின்ன விஷயங்க. காலையில ரெண்டு மூணு வண்டி போகும், அவ்வளவுதான்."

மைனா பல்லைக் கடித்தாள்.

"வேற யாராவது பேசறீங்களா?" என்றார் தலைவர். யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் குண்டூசியின் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த காகிதம் மைனாவின் கண்ணில் பட்டது. அதன் மூலையில் நீல முத்திரை. அவள் சட்டென்று எண்ணிக்கை நோட்டை அவன் கையில் திணித்தாள்.

"போடா. இதுல இருக்கறதை அப்படியே படி."

சீட்டு தலைவரிடம் போனது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு யாரு முத்திரை போட்டது?"

மீசைக்காரர் தலையைச் சொறிந்தார். "நான்தாங்க. அழுதுடுவானோன்னு..."

"எந்த எண்ணுன்னே எழுதலையே."

"அதான் லாரி வரைஞ்சிருக்கானே" என்றார் பருத்த உறுப்பினர் எட்டிப் பார்த்து. "ஆறு சக்கரம் இருக்கு. ஏழாம் எண்தான்."

"முத்திரை விழுந்தா செல்லும்" என்றார் தலைவர். "பேசுப்பா."

குண்டூசியை நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தினார்கள். அவன் நோட்டில் விரலை வைத்து, ஒவ்வொன்றாகப் படித்தான்.

"திங்கள், முப்பத்தொண்ணு. செவ்வாய், இருபத்தெட்டு. புதன், முப்பத்தஞ்சு. வியாழன், முப்பத்திமூணு. எல்லாம் அரை மணி நேரத்துல."

கிடங்கு மேலாளர் தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார்.

"வெள்ளி, இருபத்தாறு." குண்டூசி நின்றான். "ஆனா அது இருபத்தேழு."

மைனாவுக்குப் பகீரென்றது. அதை அவள் கடிதத்தில் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

"ஏன் அப்படி?" என்றார் தலைவர்.

"ஒரு லாரிக்குக் கோடு போடல. பென்சில் உருண்டு ரோட்டுக்குப் போயிருச்சு. நான் எடுக்கப் போனேன். அக்கா காலரைப் பிடிச்சு இழுத்துட்டா. பட்டன் தெறிச்சிருச்சு. பென்சில் மேல லாரி ஏறிருச்சு. அதான் கோடு போட முடியல."

அவன் பைக்குள் கையை விட்டு, ஒரு வெள்ளைப் பொத்தானை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினான்.

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். மைனா மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

"எனக்கு இன்னும் நேரம் இருக்கா?" என்றான் குண்டூசி.

"இருக்குப்பா" என்றார் தலைவர். அவர் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"சனி, பூஜ்யம். ஏன்னா அன்னிக்கு அக்கா தூங்கிட்டா."

அரங்கே சிரித்துவிட்டது. பிறகு வாக்கெடுப்பு நடந்தது. லாரிகள் இனிப் பெரிய சாலையிலேயே போக வேண்டும் என்பதற்கு ஒன்பது கைகளும் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது பருத்த உறுப்பினரின் கை.

கூட்டம் முடிந்து உரிமப் பிரிவுக்கு வந்ததும் அம்மா முதல் வேலையாகத் தன் கணினியைப் பூட்டினாள். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு, குண்டூசியை முன்னால் நிறுத்திப் பொத்தானைத் தைக்க ஆரம்பித்தாள்.

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல?" என்றாள் நிமிராமலே.

"நீ பயந்துடுவேன்னுதான்" என்றாள் மைனா. "நீ மட்டும் ஏன் நான்தான்னு சொன்னியாம்?"

அம்மா ஊசியைச் சட்டையில் குத்திவைத்தாள். இடது கையை நீட்டி மைனாவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். ஒரு கையால் தைக்க முடியாது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் விடவே இல்லை. மறுபடி தைத்தபோது நூலை நாலு சுற்றுச் சுற்றினாள். போதாதென்று இன்னும் நாலு சுற்றினாள்.

"அம்மா, காலர் இறுக்குது" என்றான் குண்டூசி.

"இறுக்கட்டும்."

அந்தச் சட்டை அவனுக்குச் சின்னதாகி, கிழிந்து, கடைசியில் வீட்டில் மேசை துடைக்கிற துணியாகவும் ஆனது. அந்தப் பொத்தான் மட்டும் விழவே இல்லை.