முன்னால் வந்த எதிரொலி

அந்த வீட்டுக்கு அக்காவும் தம்பியும் வந்து சேர்ந்தது நல்ல மத்தியான வெயிலில். நாலாவது மாடி. லிஃப்ட் என்று ஒன்று இருந்தது. அதற்குள் யாரோ பழைய பாய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அக்கா பாத்திர மூட்டையோடு ஏறினாள், தம்பி ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு ஏறினான். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார்கள்.

"ஏண்டா, புல்லாங்குழல் கத்துக்கிட்டிருக்கக் கூடாதா நீ?" என்றாள் அக்கா.

"நீ அம்மிக்கல்லை விட்டுட்டு வந்திருக்கக் கூடாதாக்கா?"

பழைய வீட்டில் அக்கம்பக்கத்தார் இவன் கிட்டார் சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்து, ஓனரும் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இங்கே கீழ்வீட்டுக்காரருக்குக் காது மந்தம் என்று புரோக்கர் சொன்னதும் இவன் வேறெதையும் பார்க்காமல் தலையாட்டிவிட்டான். சுவரெல்லாம் ஓதம். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் முதுகு. பகலிலேயே விளக்குப் போட வேண்டிய அறை ஒன்று இருந்தது. அதைத்தான் அவன் தனக்கென்று எடுத்துக்கொண்டான்.

நாற்பதைத் தாண்டிய ஆள். ஸ்டூடியோக்களில் அவனுக்கு 'ஜெராக்ஸ்' என்று பெயர். எந்தக் கிட்டார்காரனின் சத்தத்தைக் கேட்டாலும் அச்சு அசலாக அப்படியே கொடுத்துவிடுவான். "அந்தப் பாட்டுல வருமே, அது மாதிரி" என்பார்கள், கொடுப்பான். இது மாதிரி, அது மாதிரி என்றே காலம் ஓடிவிட்டது. 'உன்னை மாதிரி வாசி' என்று ஒருத்தரும் கேட்டதில்லை. போதாக்குறைக்கு, அவனுக்கு வேலை கொடுத்துவந்த இசையமைப்பாளர் போன வாரம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்: "ஜெராக்ஸ் எடுக்க இப்ப கம்ப்யூட்டரே இருக்குய்யா. உன்கிட்ட உனக்குன்னு ஒரு சவுண்டு இருந்தா கொண்டா. இல்லேன்னா நான் என்ன பண்றது, நீயே சொல்லு."

அந்தச் சவுண்டைத் தேடித்தான் அவன் ராப்பகலாகப் பெடல்களை அடுக்கிக்கொண்டிருந்தான். காலால் மிதிக்கிற சின்னச் சின்னத் தகரப் பெட்டிகள். கிட்டாரிலிருந்து கிளம்புகிற சத்தம் ஒன்றில் புகுந்து கரகரப்பாகும், இன்னொன்றில் புகுந்து கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலாகும், வேறொன்றில் எதிரொலிக்கும். எதற்குப் பின்னால் எதை வைப்பது என்பதில்தான் சூட்சுமம். கரகரப்புக்குப் பின் எதிரொலி வைத்தால் ஒரு குணம், முன்னால் வைத்தால் வேறு குணம். மாற்றி மாற்றிப் பார்த்தான். எப்படி அடுக்கினாலும் வேறு யாரோதான் வாசித்தார்கள்.

"செருப்புக் கடை மாதிரி பரப்பி வச்சிருக்கான்" என்று அலுத்துக்கொண்டே அக்கா கேபிள்களைத் தாண்டித் தாண்டிப் போவாள். பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அம்மா போனபிறகு இவனை ஆளாக்குவதிலேயே அவள் வயசு கரைந்துவிட்டது. கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால், "எனக்குத்தான் ஒரு பிள்ளை இருக்கே, தாடியோட" என்று இவனைக் காட்டுவாள். அவனுக்கும் அவளை விட்டால் நாதியில்லை.

சமையலறைப் பரணைத் துடைக்கும்போது அக்காவின் கையில் ஒரு பெட்டி கிடைத்தது. அழுக்குத் துணியில் சுற்றியிருந்தது. "உன் ஜாதியைச் சேர்ந்தது போலிருக்கு, பாரு" என்று கொண்டுவந்து கொடுத்தாள்.

பெடல்தான். யாரோ கையால் செய்தது. பெயரில்லை, எழுத்தில்லை. ஒரு திருகு, ஒரு ஸ்விட்ச், பக்கத்துக்கு ஒரு துளை. சத்தம் உள்ளே போகிற துளை எது, வெளியே வருகிற துளை எது என்று குறிக்கவில்லை. வழக்கமாக வலது பக்கம் உள்ளே, இடது பக்கம் வெளியே. பழக்க தோஷத்தில் அப்படியே மாட்டி, ஸ்விட்சை மிதித்தான்.

முடி கருகுகிற வாடை ஒன்று லேசாக வந்தது. ஒரு சுரத்தை மீட்டினான்.

மயிர்க்கூச்செறிந்தது.

எதிரொலி கேட்டது. ஆனால் அது பின்னால் வரவில்லை. விரல் கம்பியைத் தொடுவதற்கு ஒரு கண்ணிமைப்பு முன்னால், அதே சுரம், மெலிசாக, நனைந்தாற்போல வந்தது. அதன்மேல் அவன் வாசித்தது போய் உட்கார்ந்தது. காதுதான் ஏமாறுகிறதோ என்று மறுபடி மறுபடி வாசித்துப் பார்த்தான். சந்தேகமே இல்லை. இப்படி ஒரு சத்தத்தை அவன் ஜென்மத்தில் கேட்டதில்லை.

மறுநாள் ஸ்டூடியோவில் இசையமைப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"யோவ், இது யாரோட சவுண்டுய்யா?"

"என்னுது சார்" என்றான்.

படம் முழுக்க அவனே என்று முடிவானது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா அவன் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். "இனிமேலாவது சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்க. பெரிய மனுஷன் ஆயிட்ட."

நாலைந்து பதிவுகளுக்குப் பிறகுதான் அந்த இடைவெளி வளர்வதைக் கவனித்தான். கண்ணிமைப்பாக இருந்தது ஒரு மூச்சளவு ஆனது. பிறகு ஒரு முழு வரி முன்னால் வந்தது. அவன் இன்னும் யோசிக்காத மெட்டை ஹெட்ஃபோனில் அது வாசித்துக் காட்டும், இவன் வாசிப்பான், வாத்தியக்காரர்கள் கை தட்டுவார்கள். ஒருமுறை அதில் ஒரு சுரம் பிசகியது. நாம் பிசகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தான்.

அதே இடத்தில் விரல் வழுக்கியது.

நான் வாசிக்கப் போவதை அது வாசிக்கிறதா, அது வாசித்ததை நான் வாசிக்கிறேனா? யோசிக்க யோசிக்க அலுப்புதான் மிஞ்சியது. கை ஓய்ந்துபோகும் அளவுக்கு வேலை. வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுப் படுக்கத்தான் தெம்பு இருந்தது. கிடைத்ததைக் கெடுத்துக்கொள்வானேன் என்று விட்டுவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கிட்டார் சுவரில் சாய்ந்திருந்தது, எல்லாம் மாட்டியபடி இருந்தது. அவன் தரையில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். வாசிக்கவே இல்லை.

ஸ்பீக்கரிலிருந்து ஒரு பாத்திரம் விழுந்து உருளும் சத்தம் வந்தது.

நிமிர்ந்தான். சமையலறையில் அக்கா வெங்காயம் நறுக்கும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு குரல்.

"அக்கா... அக்கா... என்னைப் பாருக்கா. கண்ணைத் திறக்கா..."

அது அவனுடைய குரல்.

அவன் கிட்டார் பழசு. பக்கத்தில் நின்று பேசினால் பேச்சையும் பிடித்துவிடும். அது அவனுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவன் இன்னும் பேசவே இல்லையே. கேபிளைப் பிடுங்கினான்.

பெடலை எடுத்துக்கொண்டு ரிப்பேர்க்காரரிடம் ஓடினான். ஊரில் இருக்கிற பெடலுக்கெல்லாம் வைத்தியர் அவர். அடிமூடியைக் கழற்றிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். உள்ளே பாதிக்கு மேல் தார் போலக் கறுப்புப் பசை ஊற்றி இறுகியிருந்தது. வேலை ரகசியம் தெரியாமலிருக்கச் சிலர் அப்படிச் செய்வதுண்டு. இரண்டு துளைகளிலிருந்து போகிற ஒயர் மட்டும் வெளியே தெரிந்தது.

"இதை எந்தப் பக்கம் மாட்டி வாசிக்கிறே?"

காட்டினான்.

"அட கிறுக்கா. இடப்பக்கம்தான் உள்ளே போற வழி. செஞ்சவன் மாத்தி வச்சிருக்கான். நீ வாசல் வழியா போறதா நினைச்சு இத்தனை நாளா புழக்கடை வழியா போயிருக்கே."

"அதனால என்னண்ணே?"

"என்னவா? தலைகீழா மாட்டினா சத்தமே வரக்கூடாதுடா. ஒரு பொட்டுச் சத்தம்கூட."

சரியான பக்கம் மாட்டிப் பார்த்தார்கள். மூச்சே இல்லை. அவர் மூடியை முடுக்கி, பெடலை விரல் நுனியால் இவன் பக்கம் தள்ளினார். "கொண்டு போயிடு" என்றார் மெதுவாக. "கடையில வைக்காதே."

போகிற வழியில் இடிந்த சுவர் ஓரம் ஒரு கல்லை எடுத்து அதைத் தட்டையாகிற வரை அடித்தான். குப்பை லாரியில் தன் கையாலேயே வீசினான். சவுண்டு போனால் போகட்டும். அக்காவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு எந்தச் சவுண்டை வைத்து என்ன செய்ய?

அக்காவை டாக்டரிடம் கூட்டிப் போனான். "உங்களைவிட அவங்க நல்லா இருக்காங்க, நீங்க கொஞ்சம் தூங்குங்க" என்று சொல்லி அனுப்பினார். இசையமைப்பாளர் கேட்ட சவுண்டைக் கொடுக்க முடியாமல் படம் கை நழுவியது. ஆம்ப்ளிஃபையரை விற்றான், கிட்டாரையும் விற்றான். அறை காலியானது.

அப்புறமும் பயம் விடவில்லை. அவனுக்கு ஒரே கணக்குத்தான் தோன்றியது. அந்தக் குரலில் அவன் 'அக்கா' என்று கூப்பிட்டிருந்தான். கூப்பிடாமலே இருந்துவிட்டால்? அது வாசித்ததை இவன் வாசிக்காமல் விட்டால்? அன்றிலிருந்து அந்த வார்த்தையை வாயில் எடுக்கவில்லை. "இங்க பாரு", "சாப்பிட்டியா" என்று மொட்டையாகப் பேசினான்.

"அக்கான்னு சொன்னா நாக்கு சுட்டுடுமாடா?" என்று அவள் கேட்டாள் ஒரு நாள். சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. அவன் எழுந்து போனான்.

ஒரு சாயங்காலம் சமையலறையில் பாத்திரம் விழுந்து உருண்டது.

ஓடினான். அக்கா அடுப்படியில் சுருண்டு கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தான்.

மூடிக்கொண்டான்.

நாக்கைக் கடித்துக்கொண்டான். ரத்தம் உப்புக் கரித்தது. ஒரு வார்த்தை பேசாமல் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடியும் இறங்கினான். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோதுகூட "இவங்க... இவங்க..." என்று திணறினான். வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு வாயைக் கையால் பொத்தியபடி உட்கார்ந்திருந்தான். மனசுக்குள்கூடக் கூப்பிடவில்லை.

அக்கா பிழைத்துவிட்டாள்.

ஜெயித்துவிட்டோம் என்று அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். வீட்டுக்கு வந்த அன்று அக்கா கட்டிலில் சாய்ந்து வெகு நேரம் அவன் முகத்தையே பார்த்தாள்.

"ரொம்ப இருட்டாயிருந்துதுடா" என்றாள். "எந்தப் பக்கம் திரும்புறதுன்னே தெரியல. நீ கூப்பிட மாட்டியா, கூப்பிட மாட்டியான்னு நின்னுக்கிட்டே இருந்தேன். கால் ஓய்ஞ்சு போச்சு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்புறம் ஒரு வழியா கூப்பிட்டியே. அந்தக் குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன்."



"நான் கூப்பிடல" என்றான்.

"போடா பொய் சொல்லாதே" என்று அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் முகம் மலர்ந்து சிரித்தாள். "எத்தனை தடவை கூப்பிட்ட! என்னைப் பாருக்கா, கண்ணைத் திறக்கான்னு. அதுவரைக்கும் கல்நெஞ்சுக்காரன்னு உன்னைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

அதற்கப்புறம் அக்கா உடம்பு தேறினாள். எழுந்து நடமாடினாள். வீட்டில் முடி கருகுகிற அந்தப் பழைய வாடை மட்டும் அவ்வப்போது வந்து போனது; அடுப்பில் எதுவும் இருக்காது. சமையல் செய்கிறவள் திடீரென்று நின்று, "இதோ வரேண்டா" என்பாள். இவன் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பான். "நான் ஒண்ணும் சொல்லலியே" என்றால், அவனைப் புதுசாகப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள்.

நேற்றுச் சாயங்காலம் அவன் காய்கறிப் பையோடு படியேறி வந்தான். கதவு திறந்திருந்தது. கூடத்தில் அக்கா இல்லை. சமையலறையிலும் இல்லை.

அவனுடைய காலி அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அக்கா பேசிக்கொண்டிருந்தாள். பழைய கதை ஏதோ, சிறுவயசில் இவன் பாயை நனைத்த கதை. விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவளோடு சேர்ந்து இன்னொருவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அவனுக்குத் தெரியும். ஸ்டூடியோவில் பதிந்த தன் சிரிப்பைத் திரும்பப் போட்டால் கேட்குமே, அது.

பை கையிலிருந்து நழுவியது. இத்தனை மாதம் அடக்கி வைத்த வார்த்தை நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"அக்கா!"

உள்ளே சிரிப்பு நின்றது.

"அக்கா, வெளியே வாக்கா! அக்கா!"

பிறகு அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு யாரிடமோ சொன்னது கதவுக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

"தம்பி, கேட்டியாடா? வெளியே யாரோ உன்னை மாதிரியே கூப்பிடுறாங்க."

கதவின் உள்தாழ்ப்பாள் மெதுவாக விழுந்தது.