ஒரு ஆள் தாங்கும் பலகை

வழி சொன்னவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். அதுதான் சவுரிமுத்துவுக்கு இடித்தது.

முப்பது வருஷமாகத் தாம்பரம் ஸ்டேஷன் ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டுகிற மனுஷன் அவர். ஊரப்பாக்கத்தில் ஒரு தெருவை விசாரித்தால்கூட யாரு, எவரு, எதுக்கு என்று குடைந்துவிட்டுத்தான் எவனும் கையை நீட்டுவான். கோவளத்து டீக்கடையில் நின்ற துலுக்காணம் என்கிற அந்த மீன்பிடிக்கிற ஆள் அப்படி எதுவும் கேட்கவில்லை. அம்பாசிடரின் கேரியரில் கட்டியிருந்த நீளமான வெள்ளைப் பலகையைப் பார்த்ததும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தான்.

“இஸ்திரி போட்ற பலகையாட்டம் கீது தம்பி இது.”

கிருபா சிரித்தான். கப்பல் வேலைக்குப் போய், ஆஸ்திரேலியாவில் அலைமேல் நின்று சறுக்கக் கற்றுக்கொண்டு, பலகையோடு லீவில் வந்திருந்த பையன். காலையில் இங்கே கடலில் இறங்கியபோது கரையே திரண்டு விசிலடித்ததில் நொந்துபோயிருந்தான். கூட்டமில்லாத இடமாக, நல்ல அலையாக, எங்காவது உண்டா என்று கேட்டான்.

“கீது. சவுக்குத் தோப்புக்கு அந்தாண்ட. எங்க கட்டுமரம் ஒண்ணுகூட அங்க எறக்க மாட்டோம். ஒருத்தனும் வரமாட்டான்.” துலுக்காணம் பலகையைத் தட்டிப் பார்த்தான். மீன் கூடையோடு பக்கத்தில் நின்ற அவன் சம்சாரம் குப்பம்மாவும் எட்டித் தட்டிப் பார்த்தாள். “இது எத்தினி ஆளு தாங்கும்?”

“ஒரு ஆள்தான்.”

“ஒரு ஆளு போதும்,” என்றாள் குப்பம்மா.

காரை எடுத்ததும் சவுரிமுத்து சொல்லிவிட்டார். “தம்பி, சும்மா கெடைக்கிறது எதுவும் நல்லதா இருக்காது. வேணாம், வூட்டுக்குப் போலாம்.”

“அங்கிள், நீங்க பெட்ரோல் பங்க் மீட்டரையே ரெண்டு தடவை பார்க்கிற ஆளு.”

அது நிஜம்தான். ஆனால் காலையில் புறப்படும்போது இவன் அம்மா பேபி கார் கதவைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, எனக்கு இருக்கிறது இவன் ஒருத்தன். கையோட கூட்டிட்டு வந்துடுங்க” என்றபோது, சரிம்மா என்று சொன்னது இவர் வாய். அந்த வார்த்தை வழி நெடுக, மேடவாக்கம் பெரும்பாக்கம் தாண்டியும், கூடவே வந்துகொண்டிருந்தது.

பையன் பிடிவாதம்தான் ஜெயித்தது. தோப்புக்குள் காரை நிறுத்திவிட்டு நடந்தார்கள். ஜூன் மாச வெயில் வெளியே காய்ந்துகொண்டிருக்க, உள்ளே மட்டும் ஈரத் துணியைக் கட்டிய மாதிரி ஒரு குளிர்ச்சி, காலடியில் சவுக்கு முள் நொறுங்குகிற சத்தம், அதற்குமேல் காற்று மரத்து உச்சியில் யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவதுபோல இழுத்து இழுத்து ஊதுகிற சத்தம், நடுநடுவே உப்பும் பாசியும் கலந்த வாடையில் சம்பந்தமே இல்லாமல் துணிப்பெட்டியில் போடுகிற பாச்சா உருண்டை நெடி. கரையில் ஒரு காக்கா இல்லை. நண்டு ஓடிய தடம்கூட இல்லை. அலை மட்டும் அழகாக இருந்தது. ஒரு ஓரத்தில் உடையத் தொடங்கி மறு ஓரம் வரை தாள் சுருட்டுகிற மாதிரி ஒழுங்காகச் சுருண்டது.

குப்பம்மா அவர்களுக்கு முன்னாலேயே வந்து மணலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மடித்த லுங்கி ஒன்று. நெடி அதிலிருந்துதான் வந்தது.

“கரையோரமா குறுக்கு வழி கீதுண்ணா,” என்றாள், அவர் கேட்காமலே.

கிருபா சட்டையைக் கழற்றி சவுரிமுத்துவிடம் கொடுத்தான். பலகையின் வாலில் ஒரு ரப்பர் கயிறு இருந்தது. அதன் மறுமுனையைக் கணுக்காலில் பட்டையாகச் சுற்றிக் கட்டினான். “நான் விழுந்தாலும் போர்டு என்னை விட்டுப் போகாது அங்கிள். பயப்படாதீங்க.” பலகைமேல் குப்புறப் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு போனான்.

“அந்தச் சட்டைய என்னாண்ட குடுண்ணா,” என்றாள் குப்பம்மா. “எங்காளு கடல்ல எறங்குனா, அவன் காஞ்ச துணிய வூட்டுப் பொம்பள மடியில வெச்சிக்கினு குந்தியிருக்கும். துணி நனையாம கீற வரிக்கும் ஆளு எப்பிடியும் திரும்பி வந்துடும். அந்தத் தம்பிக்கு இங்க யாரு கீறாங்க?”

சவுரிமுத்து சட்டைப் பையைத் துழாவினார். பர்ஸையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு சட்டையைக் கொடுத்தார். ஏமாறவில்லை என்று ஒரு திருப்திகூட வந்தது.

“மடியில இருக்கிற லுங்கி யாரோடது?”

“எம்மவன் மாணிக்கவேலு. கடலுக்குப் போயி அஞ்சி வருசம் ஆவுது. ஒரு சொட்டுத் தண்ணி படாம வெச்சிக்கினு கீறேன்.”

“அப்புறம் ஏன் வரல?”

கேட்டிருக்கக் கூடாது.

“வருவான்ணா. அன்னிக்கு அவன் கட்டுமரம் ஒடஞ்சி பூட்ச்சி. ஏறி வர மரம் இல்ல அவனுக்கு.”

முதல் அலையில் கிருபா எழுந்து நின்றான். முழங்காலை மடக்கி, கைகளை விரித்து, பறவை இறங்குகிற மாதிரி வந்தான். இரண்டாவதிலும் அப்படித்தான். சவுரிமுத்து மூச்சு விட்டார். தோப்பின் நிழல் மணலில் நீண்டு அவர் காலைத் தாண்டித் தண்ணீரைத் தொட்டிருந்தது. எப்போது இவ்வளவு நேரமாயிற்று என்று திரும்பினார்.

குப்பம்மா உட்கார்ந்த இடத்தில் இல்லை.

தண்ணீர் ஓரத்தில் நின்றிருந்தாள். லுங்கி நனையாமல் தலைமேல் இருந்தது. கையில் கிருபாவின் சட்டை. அதை அலையில் முக்கினாள். பிழிந்தாள். மறுபடி முக்கினாள். நிதானமாக, வீட்டுத் துணி துவைக்கிற மாதிரி.

ஓடினார். மணல் காலை உள்வாங்கியது. சட்டையைப் பிடுங்கினார். கனத்தது. ஒரு சட்டை இவ்வளவு கனக்காது.

“தம்பி. வந்துடு. கிருபா.”

கடலில் பலகை இல்லை. தலை இல்லை. அலை ஒழுங்காகச் சுருண்டது. பின்னால் சவுக்கு முள் நொறுங்கியது. துலுக்காணம். அவன் இவரைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக் கைகூப்பி நின்றான்.

அடுத்த அலை எழுந்தது. அதன் உச்சியில் வெள்ளைப் பலகை. அதன்மேல் ஒரு ஆள்.

ஆண்டவரே. வந்துவிட்டான்.

இல்லை. முழங்கால் மடங்கவில்லை. கைகள் விரியவில்லை. கட்டுமரத்தில் நிற்கிறவன் மாதிரி காலை அகட்டி, விறைப்பாக. தலைமுடி தோள்வரை. உடம்பு முழுக்கக் கரும்பச்சை.

குப்பம்மா லுங்கியை உதறி விரித்தாள். பாச்சா உருண்டை நெடி மூக்கில் அறைந்தது. சவுரிமுத்துவின் பைக்குள் கிருபாவின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

பலகை மணலில் ஏறி நின்றது. அந்த ஆள் இறங்கினான். அம்மாவைப் பார்த்து நடந்தான்.

பலகையின் வாலிலிருந்து ரப்பர் கயிறு தண்ணீருக்குள் போயிருந்தது. விறைப்பாக. அலை பின்வாங்கியபோதும் தளரவில்லை. அதன் மறுமுனையில், மணலை உரசிக்கொண்டு, கனமாக ஒன்று பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.