புகை நின்ற நிமிடம்

இன்றுதான் பெட்டி பிரித்ததாகச் சொல்லப்பட்ட தீத்தொட்டியின் உள்சுவர் நீலம் பாரித்திருந்தது.

கொல்லையில் செங்கல் பரப்பிய இடத்தில் குந்தி உட்கார்ந்து, விளிம்புக்குக் கீழே வரிசையாக ஓடிய காற்றுத் துளைகளை விரலால் தடவிக்கொண்டிருந்தவள், அந்த நீலத்தைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டாள். வீட்டு உபயோகப் பொருட்களைப் பரிசோதித்து மாதப் பத்திரிகையில் எழுதுவது அவள் வேலை. இந்த மாதம் வந்திருந்தது, கொல்லையில் விறகு எரித்துக் குளிர்காய, புகையில்லாமல் எரியும் இந்த எவர்சில்வர் தொட்டி. ஒன்பது வருடமாகக் குக்கர், இஸ்திரிப்பெட்டி, ஹீட்டர் என்று எத்தனையோ பார்த்திருக்கிறாள். எவர்சில்வர் சூடு கண்டால் முதலில் வைக்கோல் நிறம் வரும், பிறகு நீலம். இவ்வளவு நீலத்துக்கு மணிக்கணக்கில் எரிந்திருக்க வேண்டும்.

"என்னங்க, இதை ஏற்கெனவே யாரோ பத்த வச்ச மாதிரி இருக்கே?"

கணவன் தன் மரப்பட்டறையிலிருந்து கொண்டுவந்த சாக்கு மூட்டையைத் தரையில் இறக்கினான். "ஃபேக்டரியில டெஸ்ட் பண்ணியிருப்பாங்க. இன்னைக்குத்தான் முதல் தடவை பத்த வச்சோம்னு எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். மாலை ஐந்தே முக்கால். காற்று இல்லை.

மூன்று நாள் வெளியூர் வேலை முடிந்து மதியம்தான் திரும்பியிருந்தாள். வீடு முழுக்க பினாயில் வாசனை. நான்கு மாதமாகக் கூடவே தங்கியிருந்த தங்கையின் அறை ஒழிந்து கிடந்தது. வேறு ஊரில் வேலை கிடைத்து புதன்கிழமையே கிளம்பிவிட்டாள் என்றான் கணவன். தங்கையிடமிருந்து செய்தியும் வந்திருந்தது. அலுவலகக் கூட்டத்தின் நடுவே அரைக்கண்ணால் பார்த்து, கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டுவிட்டு மூடியிருந்தாள்.

மூட்டைக்குள் கட்டைகளெல்லாம் செய்தித்தாளில் சுருட்டி, சணல் கட்டி, அடுக்காக இருந்தன. "சிராய் குத்திடும்னு நான்தான் கட்டி வச்சேன். பிரிக்காத, அப்படியே போடு." கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் 'இது வீடா, கோடவுனா' என்று கேலி பேசியிருக்கிறானே தவிர, அவள் வேலைக்கு ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட்டதில்லை. அவளுக்கு மனம் இளகிவிட்டது.

முதலில் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை எழுந்து மதில்மேல் தவழ்ந்தது. பிறகு இரட்டைச் சுவருக்கு நடுவே ஏறிய காற்று கொதித்து, மேல் துளைகள் வழியாகச் சின்னச் சின்ன நெருப்பு விரல்களாகச் சீறிப் பாய, பன்னிரண்டாவது நிமிடத்தில் புகை சட்டென்று நின்றுபோனது. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

"அருமையான சாமான்ங்க," என்றாள்.

ஆனால் ஒவ்வொரு சுருளைப் போடும்போதும் ஒரு கணம் மட்டும் வேறொரு வாசனை வந்தது. முடி பொசுங்கும் வாசனை.

"பெயிண்ட் அடிச்ச கட்டையும் கலந்திருக்கு," என்றான், அவள் கேட்பதற்கு முன்பே.

அவன் உட்காரவே இல்லை. பின்னால் நின்றபடி செல்போனில் அவளைப் படம் எடுத்தான். "உன் பத்திரிகைக்குத்தான். கட்டையைப் போடு, போடறப்ப எடுக்கறேன்." எட்டாவது சுருள். கிளிக். ஒன்பதாவது. கிளிக். சில சுருள்கள் அளவுக்கு மீறிக் கனத்தன. தேக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

தங்கைக்கும் ஒரு படம் அனுப்பலாமென்று தன் போனை எடுத்தாள். அவளுடைய கடைசிச் செய்தி கண்ணில் பட்டது.

'அக்கா, நான் கிளம்பிவிட்டேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.'

நீங்கள்.

பேச்சு வந்த நாளிலிருந்து தங்கைக்கு இவள் 'வாடி', 'போடி'. கோபம் வந்தால் 'எருமை'. அம்மா எத்தனை முறை திட்டியும் ஒரு 'நீங்க' வந்ததில்லை.

நெருப்பு முகத்தில் அனலடித்தது.

"அவளை பஸ்ஸுக்கு யாருங்க கொண்டுபோய் விட்டது?"

"நான்தான்."

"பை எத்தனை எடுத்துட்டுப் போனா?"

செங்கல்மேல் செருப்பு ஒரு அடி நகரும் சத்தம்.

"தீ அணையப் போகுது பாரு. போடு."

தீ அணையவில்லை. முழங்கால் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னும் மூணுதான் இருக்கு. எல்லாத்தையும் நீயே போடு. உன் கையாலயே போட்டாத்தான் சரியா இருக்கும்." குரல் இதமாக இருந்தது. கல்யாணமான புதிதில் பேசிய குரல்.

அவள் கையில் பத்தாவது சுருள். தாளில் ஒரு மூலை நனைந்திருந்தது.

பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். புகை இல்லாத தீ. அடிவரை தெரிந்தது.

தணலில் ஒரு உலோகப் பட்டை. விரல் நீளம். அதை எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்த தங்கையின் முன்கையில் டாக்டர் வைத்த பிளேட். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவள் இவள்தான்.

கத்த வாயைத் திறந்தாள்.

பின்னால், கிளிக்.

பட்டை செக்கச் செவேலென்று, சாம்பலில் நிமிர்ந்து நின்றது. ஆறு துளைகள். இரண்டில் இன்னும் திருகாணி. மற்ற நான்கிலும் சின்னச் சின்னத் தீநாக்குகள், உள்ளே போய் வெளியே வந்து, போய் வந்து, மூச்சு விடுவது போல.